கஜானாவுக்குக் காவல் – 8: தணிக்கையாளரின் கையெழுத்து

இதுவரை...

1818-ல் இல்லினாய் மாநிலம் உருவானபோதே 'பொதுக் கணக்குத் தணிக்கையாளர்' பதவியும் உருவானது. முதல் தணிக்கையாளர் எலைஜா பெர்ரி. 1842-ல் அந்தப் பதவியில் இருந்தவர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். நொடித்துப்போன மாநில வங்கியின் நோட்டுகளை வரிக்கு ஈடாக முகமதிப்பில் வாங்கக் கூடாது என்று அவரும் சக அதிகாரிகளும் உத்தரவிட்டார்கள். தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டின் இளம் வக்கீல் ஆபிரகாம் லிங்கன், புனைபெயரில் அவரைக் கேலி செய்து பத்திரிகையில் எழுதினார். கோபம் வாள்சண்டைச் சவால் வரை போய், மிசிசிப்பி ஆற்றுத் தீவு ஒன்றில் கடைசி நேரத்தில் சமாதானமாக முடிந்ததைப் பார்த்தோம்.

1848-ல் வந்த புதிய அரசியலமைப்பு, அதுவரை சட்டமன்றம் நியமித்துவந்த தணிக்கையாளரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாளராக்கியது. 1851 வங்கிச் சட்டம், மாநில வங்கிகளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தது. அதிகாரம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து குவிந்தது. அந்தக் குவியலுக்கு மாநிலம் கொடுத்த விலைதான் இந்த வாரக் கதை.

* * *

கிரானைட் சிட்டிக்காரர்

1952 நவம்பர். ஐசனோவர் அமெரிக்க அதிபராகத் தேர்வானார். அந்த அலையில் இல்லினாயிலும் குடியரசுக் கட்சி வரிசையாக வென்றது. 38 வயது வில்லியம் ஸ்ட்ராட்டன் ஆளுநர் ஆனார். அமெரிக்க மாநிலங்களில் ஆட்சியை நடத்துபவர் ஆளுநர்தான். அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே வாக்குச்சீட்டில் தணிக்கையாளர் பதவிக்கும் தனியாக ஓட்டு உண்டு. அதில் வென்றவர் ஆர்வில் ஹாட்ஜ்.

செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிசிசிப்பியின் கிழக்குப் பக்கம் இருக்கும் இரும்பாலை நகரம் கிரானைட் சிட்டி. ஹாட்ஜ் அங்கே வளர்ந்தவர். வீடு, மனை, காப்பீடு என்று தொழில் நடத்தியவர். 1947 முதல் மாநிலச் சட்டமன்றக் கீழவை உறுப்பினர். ஸ்பிரிங்ஃபீல்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பார்த்ததும் தோளில் தட்டிப் பேசுவார், தாராளமாக விருந்து வைப்பார். கட்சி பேதமில்லாமல் நண்பர்கள் உண்டு.

அடுத்த தேர்தலில் இல்லாவிட்டாலும் அதற்கடுத்ததில் அவர் ஆளுநர் வேட்பாளர் ஆகலாம் என்ற பேச்சு இருந்தது. அந்த ஆசை அவருக்கும் இருந்தது.

தணிக்கையாளரின் ஆண்டுச் சம்பளம் 16,000 டாலர். அந்தக் காலத்துக்கு அது நல்ல சம்பளம். ஆனால் ஹாட்ஜ் வாழ்ந்த வாழ்க்கை அந்தச் சம்பளத்துக்குள் அடங்கவில்லை. சொந்த விமானம், வரிசையாகக் கார்கள், ஃப்ளோரிடாவில் வீடு, ஹோட்டல் அறைகளில் ஓயாத விருந்துகள்.

குடும்பத் தொழிலில் பணம் இருக்கும் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது? அந்தப் பொறுப்புக்குரிய நாற்காலியில் ஹாட்ஜே உட்கார்ந்திருந்தார்.

* * *

ஒரே மேசையில் நான்கு சாவிகள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இல்லினாய் அரசின் பணம் எந்த வழியாக வெளியே போனது என்று பார்த்துவிட வேண்டும். அது புரியாவிட்டால் பின்னால் நடந்தது வெறும் திருட்டுக் கதையாகிவிடும்.

ஒரு துறை பொருள் வாங்குகிறது அல்லது வேலை செய்விக்கிறது. பில் வருகிறது. துறை அதை வவுச்சராக்கித் தணிக்கையாளர் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அந்தச் செலவுக்குச் சட்டமன்றம் நிதி ஒதுக்கியிருக்கிறதா, பில் ஒழுங்காக இருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். சரியாக இருந்தால் தணிக்கையாளர் பண ஆணை ஒன்றை எழுதுகிறார். காசோலை மாதிரியான தாள் அது. பெறுபவர் அதை வங்கியில் கொடுத்துப் பணமாக்குகிறார். வங்கி அதை மாநிலப் பொருளாளருக்கு அனுப்பித் தன் பணத்தை வாங்கிக்கொள்கிறது.

மற்றத் துறைகளைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை இல்லை. செலவு செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். ஆனால் தணிக்கையாளர் அலுவலகத்தின் சொந்தச் செலவு? அதற்கான வவுச்சரைத் தயாரிப்பதும் அதே அலுவலகம். பாஸ் செய்வதும் அதே அலுவலகம். பண ஆணை எழுதுவதும் அதே அலுவலகம். ஆணை பணமாகும் மாநில வங்கிகளைக் கண்காணிப்பதும் அதே அலுவலகம்.

நான்கு சாவிகளும் ஒரே மேசையில் இருந்தன.

1917-ல் ஆளுநர் ஃபிராங்க் லோடன் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட வாரியங்களையும் ஆணையங்களையும் ஒன்பது துறைகளுக்குள் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று நிதித் துறை. நாடே பாராட்டிய சீர்திருத்தம் அது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த பதவியாளர்கள் அந்த வளையத்துக்கு வெளியே இருந்தார்கள். ஆளுநரால் தணிக்கையாளரை மாற்றவும் முடியாது, அவருக்கு உத்தரவு போடவும் முடியாது. செலவு முடிந்த பிறகு ஏடுகளை எடுத்து வைத்து, பணம் போனதாக எழுதியிருக்கும் இடத்துக்கு நிஜமாகவே போனதா என்று பார்க்கச் சுதந்திரமான அமைப்பு எதுவும் அந்த மாநிலத்தில் அப்போது இல்லை.

தணிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எல்லோருக்கும் போதுமான நிம்மதியாக இருந்தது.

* * *

பழுப்பு உறை

ஹாட்ஜின் வழி நுட்பமானதல்ல. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தவருக்கு நுட்பம் எதற்கு?

முதல் தேவை, அலுவலகக் கணக்கில் தாராளமாகப் பணம் இருக்க வேண்டும். அதற்குச் சட்டமன்றத்தில் அவருக்கிருந்த நட்பு உதவியது. அலுவலகச் செலவுக்கென்று கூடுதல் நிதி கேட்டார். தங்களோடு உட்கார்ந்திருந்த பழைய உறுப்பினர் கேட்கிறார், அதுவும் கணக்குப் பார்க்கும் துறைக்குக் கேட்கிறார். மன்றம் கொடுத்தது.

அடுத்தது பண ஆணைகள். நிஜமான மனிதர்கள், நிஜமான நிறுவனங்களின் பெயர்களில் ஆணைகள் எழுதப்பட்டன. அலுவலகத்துக்குச் செய்து கொடுத்த வேலைக்கான கூலி என்று ஏட்டில் பதிவானது. அந்த வேலை நடக்கவே இல்லை. பெயருக்கு உரியவர்கள் அந்த ஆணைகளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பின்புறத்தில் அவர்களுடைய கையெழுத்துகள் போலியாகப் போடப்பட்டன.

மூன்றாவது, கேள்வி கேட்காத வங்கி. சிகாகோவின் சவுத்மூர் வங்கி அப்படி அமைந்தது. அதன் தலைவர் எட்வர்ட் ஹின்ட்ஸ். ஹாட்ஜின் அலுவலக நிர்வாகி எட்வர்ட் எப்பிங் வழியாக ஆணைகள் அங்கே போய்ப் பணமாயின. ஹாட்ஜுக்கான தொகை ஒரு பழுப்பு நிற உறையில் இருந்தது. விசாரணையில் 'பழுப்பு உறைக் கணக்கு' என்றே அதற்குப் பெயர் வந்தது.

சவுத்மூர், மாநில அனுமதி பெற்று இயங்கிய வங்கி. அந்த வங்கியைக் கண்காணிக்க வேண்டிய மாநில அதிகாரி தணிக்கையாளர். தன்னைக் கண்காணிப்பவரே அனுப்பி வைக்கும் ஆணையைச் சந்தேகிக்கும் துணிச்சல் எந்த வங்கிக்கு வரும்?

மூன்றரை ஆண்டுகள் இப்படிப் போயின. 1956 வசந்தத்தில் மறுபடியும் தேர்தல் வந்தது. கட்சியின் உட்தேர்தலில் ஹாட்ஜ் இரண்டாம் முறையாகத் தணிக்கையாளர் வேட்பாளர் ஆனார். நவம்பரில் அவர் வெல்வார் என்பதில் கட்சிக்குள் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

* * *

ஜார்ஜ் தீம்

'சிகாகோ டெய்லி நியூஸ்' நாளிதழின் நிருபர் ஜார்ஜ் தீம் அரசாங்கக் காகிதங்களைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவர். 1949-ல் அவரும் 'செயின்ட் லூயிஸ் போஸ்ட் டிஸ்பாட்ச்' நிருபர் ராய் ஹாரிஸும் சேர்ந்து ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். இல்லினாய் அரசின் சம்பளப் பட்டியலில் 37 பத்திரிகைக்காரர்களின் பெயர்கள் இருந்தன. அரசை விமர்சிக்க வேண்டியவர்கள் அரசிடமே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்காக 1950-ல் இரண்டு நாளிதழ்களுக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தன் தொழிலைச் சேர்ந்தவர்களையே காட்டிக்கொடுக்கத் தயங்காத அந்த மனிதர், 1956 கோடையில் தணிக்கையாளர் அலுவலகத்தின் பக்கம் திரும்பினார்.

இல்லினாய் பட்ஜெட் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை போடப்படுவது. 1955 ஜூலையில் தொடங்கிய கணக்கு 1957 ஜூன் வரை ஓட வேண்டும். பாதி வழிதான் வந்திருந்தது. தணிக்கையாளர் அலுவலகத்துக்கு ஒதுக்கிய பணமோ மிக வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. பில்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு அப்படி என்ன செலவு?

தணிக்கையாளர் அலுவலகத்தில் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கவில்லை. தீம் வேறு வழியைப் பிடித்தார்.

ஹாட்ஜ் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம் அரசு நடைமுறையிலேயே இருந்தது. பணமாக்கப்பட்ட ஆணை தணிக்கையாளரிடம் திரும்பிப் போகாது. பொருளாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பொருளாளரும் மக்கள் தேர்ந்தெடுத்த தனிப் பதவியாளர். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் வாரன் ரைட். நான்கு சாவிகளும் ஹாட்ஜிடம் இருந்தன. ஐந்தாவது ஒன்று அவர் கைக்கு எட்டாத அறையில் இருந்தது.

அங்கே கிடைத்த ஆணைகளில் பெயர்கள் இருந்தன, தொகைகள் இருந்தன. பின்புறம் கையெழுத்துகள் இருந்தன. எந்த வங்கியில் பணமானது என்ற முத்திரையும் இருந்தது.

அடுத்து நடந்த வேலை, எந்தக் கணக்கு அலுவலகமும் எப்போதோ செய்திருக்க வேண்டியது. பெயருக்கு உரியவர்களைத் தேடிப் போய்க் கேட்பது. இந்தப் பணத்தை நீங்கள் வாங்கினீர்களா? இது உங்கள் கையெழுத்தா?

வாங்கவில்லை என்றார் ஒருவர். அப்படியொரு வேலையே செய்யவில்லை என்றார் இன்னொருவர். அடுத்தவரும் அதையே சொன்னார்.

கோடிக்கணக்கில் பணம் புழங்கிய ஒரு மாநில அரசின் கணக்கு முறை மூன்றரை ஆண்டுகளாகக் கண்டுபிடிக்காததை, பணம் பெற்றதாகச் சொல்லப்பட்டவரிடமே போய்க் கேட்ட ஒரு நிருபர் கண்டுபிடித்துவிட்டார்.

* * *

1956 ஜூலை 16

செய்திகள் நாள்தோறும் முதல் பக்கத்தில் வந்தன. ஹாட்ஜ் முதலில் சமாளித்துப் பார்த்தார். ஆளுநர் ஸ்ட்ராட்டனுக்குச் சிக்கல் பெரியது. அதே கட்சி, அதே வாக்குச்சீட்டு. நவம்பரில் அவரும் மறுதேர்தலுக்கு நிற்கிறார். தணிக்கையாளரை நீக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் தரவில்லை. ஆனாலும் விலகும்படி நெருக்குதல் கொடுக்க முடியும். கொடுத்தார்.

ஜூலை 16-ம் தேதி ஆர்வில் ஹாட்ஜ் ராஜினாமா செய்தார். வேட்பாளர் பட்டியலிலிருந்தும் விலகினார். மாநில, மத்திய அரசு வழக்கறிஞர்களின் விசாரணைகள் ஒரே நேரத்தில் சூடுபிடித்தன. சில வாரங்களுக்குள் எல்லாம் வெளியே வந்தது. ஆகஸ்டில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவர் கையாடியது குறைந்தபட்சம் 15 லட்சம் டாலர். தணிக்கையாளர் சம்பளக் கணக்கில் பார்த்தால் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வருமானம். மத்திய நீதிமன்றம் 10 ஆண்டுகளும், மாநில நீதிமன்றம் 12 முதல் 15 ஆண்டுகளும் தண்டனை விதித்தன. இரண்டையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்று உத்தரவானது. ஹின்ட்ஸும் எப்பிங்கும் தண்டனைக்குத் தப்பவில்லை. ஹாட்ஜின் சொத்துகள் அரசிடம் வந்து விற்பனைக்குப் போயின.

ராஜினாமாவுக்கும் சிறைக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரு மாதம். அமெரிக்க அரசியலில் ஒரு மாநிலப் பதவியாளர் இவ்வளவு வேகமாக வீழ்வது அபூர்வம். ஹாட்ஜ் மெனார்ட் சிறையில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1963-ல் வெளியே வந்து கிரானைட் சிட்டிக்கே திரும்பினார்.

1957-ல் 'சிகாகோ டெய்லி நியூஸ்' மறுபடியும் புலிட்சர் பரிசு பெற்றது. தணிக்கையாளர் அலுவலகத்தை மையமாகக் கொண்ட 25 லட்சம் டாலர் மோசடியை அம்பலப்படுத்தியதற்காக என்று பரிசுக் குழு குறிப்பிட்டது.

* * *

எழுபது வயதுக் கணக்கர்

காலியான நாற்காலியில் ஆளுநர் உட்கார வைத்தவர் அரசியல்வாதி அல்ல. லாயிட் மோரே, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நிதிக் கணக்குகளைப் பல பத்தாண்டுகள் பார்த்தவர். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக 1953 முதல் 1955 வரை இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் கணக்கியல் பற்றிப் பாடநூல் எழுதியவர். அப்போது அவருக்கு 70 வயது.

அடுத்த ஜனவரி வரை சில மாதங்கள்தான் அவர் இருந்தார். அதற்குள் மாநிலத்துக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஹாட்ஜை அகற்றியது போதாது. நாளைக்கு வேறொருவர் அதே மேசையில் அமர்ந்தால் அதே நான்கு சாவிகள் அவர் கைக்கு வரும். நேர்மையான ஆளைத் தேடுவதோடு நின்றுவிட்டால், அடுத்த திருட்டு நடக்கும் வரை காத்திருப்பது என்றே பொருள்.

நவம்பர் தேர்தலில் மக்கள் தங்கள் கோபத்தை ஓரளவு காட்டினார்கள். இல்லினாயில் ஐசனோவர் எட்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே கட்சியின் ஆளுநர் ஸ்ட்ராட்டனோ சுமார் 37,000 வாக்குகளில் தப்பிப் பிழைத்தார். எதிர்க்கட்சியாலும் முழுப் பலனை அறுவடை செய்ய முடியவில்லை. ஜனநாயகக் கட்சி முதலில் நிறுத்திய ஆளுநர் வேட்பாளர் ஹெர்பர்ட் பாஷன், சிகாகோ அமைந்த குக் கவுன்டியின் பொருளாளர். அவருடைய அலுவலகத்தில் ஊழியர்களிடம் வசூலித்த நிதி பற்றிய சர்ச்சையில் சிக்கி, நடுவிலேயே போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. தணிக்கையாளர் பதவியைக்கூடக் குடியரசுக் கட்சியின் எல்பர்ட் ஸ்மித் தக்கவைத்தார். தோற்ற மைக்கேல் ஹவ்லெட் அடுத்த முறை, 1960-ல் அதைப் பிடித்தார்.

உண்மையான திருப்பம் 1957-ல் சட்டமன்றத்தில் வந்தது. மூன்றரை ஆண்டுகள் கேட்டதையெல்லாம் கொடுத்த அதே மன்றம் இப்போது இரண்டு அமைப்புகளை உருவாக்கியது. ஒன்று, இரு கட்சி உறுப்பினர்களும் இடம்பெறும் சட்டமன்றத் தணிக்கை ஆணையம். இன்னொன்று, செலவு முடிந்த பிறகு ஏடுகளைப் பரிசோதிக்கும் தணிக்கைத் துறை. அதன் தலைவருக்குத் தலைமைத் தணிக்கையாளர் என்று பெயர். பழைய தணிக்கையாளர் பண ஆணைகளை எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதியது சரியா என்று இனி இவர் பார்ப்பார்.

மாநிலம் உருவாகி 139 ஆண்டுகளுக்குப் பிறகு, பணம் கொடுக்கும் கையும் அதைச் சோதிக்கும் கையும் முதன்முறையாகப் பிரிந்தன. ஹாட்ஜ் திருடிய தொகையைவிடப் பெரிய விஷயம் இது. இல்லினாய் அரசின் கணக்கு வரலாற்றை 1957-க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. புதிய தலைமைத் தணிக்கையாளரை யார் நியமிப்பது? ஆளுநர்.

அவர் தணிக்கை செய்ய வேண்டிய துறைகள் பெரும்பாலும் யாருடையவை? அதே ஆளுநருடையவை. சாலைகள், மருத்துவமனைகள், சிறைகள், நிவாரணத் திட்டங்கள் என்று மாநிலத்தின் பெரும் செலவு ஆளுநரின் கீழ் நடந்தது. ஒரு தணிக்கையாளரின் கொள்ளையிலிருந்து பாடம் படித்த சட்டமன்றம், சோதிக்கிறவரின் நாற்காலியைச் சோதிக்கப்படுகிறவரின் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டது.

மக்கள் தேர்ந்தெடுத்த தணிக்கையாளர் மோசம் செய்தார். ஆளுநர் நியமிக்கும் தணிக்கையாளர் ஆளுநரை எதிர்த்து எழுதுவாரா என்பது நிச்சயமில்லை. 1969 டிசம்பரில் புதிய அரசியலமைப்பை எழுத ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய 116 பிரதிநிதிகளுக்கு முன்னால் இந்தக் கேள்வியும் வந்து நின்றது: தணிக்கையாளரை யார் நியமித்தால், யாரால் நீக்க முடியாதபடி வைத்தால், அவர் எவருக்கும் அஞ்சாமல் கணக்குக் கேட்பார்?

(தொடரும்)